சென்னை பிறந்த பக்கம்: வடசென்னையில் எதை, எப்படிப் பார்ப்பது?

பெங்களூரிலிருந்து அப்பா, அம்மாவோடு இரண்டு நாள் சென்னைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். மெரினா, மயிலாப்பூர், மகாபலிபுரம் எல்லாம் முந்தின பயணத்திலேயே பார்த்தாகிவிட்டது. 'தலைநகரம் என்கிறார்கள், வடசென்னையில் பார்க்கிற மாதிரி பழைய இடங்கள் உண்டா? பெரியவர்களை அழைத்துக்கொண்டு தைரியமாகப் போகலாமா?' என்பதுதான் உங்கள் கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். தாராளமாகப் போகலாம். வடசென்னை என்றாலே கத்தியும் ரத்தமும் என்று திரையில் பார்த்துப் பழகிவிட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் வலிக்கும். வழி கேட்டால் கூடவே நாலு தப்படி நடந்து வந்து காட்டிவிட்டுப் போகிற ஜனங்கள் எங்கள் ஊர் ஜனங்கள். வெயிலும் நெரிசலும்தான் பெரியவர்களைக் களைக்க வைக்கும். அதற்கு மட்டும் தயாராக வாருங்கள்.

சென்னை பிறந்ததே இந்தப் பக்கம்தான். 1639ல் கிழக்கிந்திய கம்பெனிக்கு இந்த மணல்மேடு கிடைத்தது. அடுத்த ஆண்டு கோட்டை எழுந்தது. கோட்டைக்குத் தெற்கே இருப்பதெல்லாம் பின்னால் ஊரோடு சேர்ந்த கிராமங்கள். வடக்கே நெசவாளர், வணிகர், கம்பெனிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷிகள் வந்து குடியேறி ஒரு பட்டணம் வளர்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையைப் பற்றி எல்லா வழிகாட்டிகளிலும் இருப்பதால் நான் நீட்டவில்லை. 1680ல் திறந்த புனித மேரி தேவாலயத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தலைமைச் செயலகம் உள்ளே இருப்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

அங்கிருந்து எதிரே உயர் நீதிமன்றம். 1892ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அது நிற்கிற மண்ணின் கதை அவ்வளவாகத் தெரிவதில்லை. முதல் பட்டணம், வெள்ளைக்காரர்கள் கறுப்பர் நகரம் என்று பெயர் வைத்த ஊர், கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி இங்கேதான் இருந்தது. 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து, மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இனி எதிரி ஒளிந்துகொள்ள வீடு வாசல் எதுவும் கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று ஆங்கிலேயர் முடிவு செய்து, ஊரையே படிப்படியாக இடித்துத் திடலாக்கினார்கள். வீடுகளோடு சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. ஊர்க்காரர்கள் விடவில்லை. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, 1760களில் பூக்கடைப் பக்கம், தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் அடுத்தடுத்துக் கோயில் எழுப்பினார்கள். பட்டணம் கோயில் என்று சொல்வார்கள். சென்னை என்ற பெயர் இந்தச் சென்னகேசவரால் வந்தது என்பது ஒரு கட்சி. இடம் கொடுத்த தாமல் வெங்கடாத்ரி நாயக்கரின் தகப்பனார் சென்னப்ப நாயக்கர் பெயரால் வந்தது என்பது இன்னொரு கட்சி. எதுவானாலும் அந்தப் பெயரின் வாசனை இருக்கிற கோயில் இது. பூக்கடையில் இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு அம்மாவை அழைத்துப் போங்கள்.

இதுக்கு மேல் வீடு கட்டாதே என்று எல்லை காட்ட 1773ல் கம்பெனி கல்தூண்கள் நட்டது. அவற்றில் ஒன்றே ஒன்று மிச்சம். பாரிமுனையில், பாரி கம்பெனியின் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிறது. எத்தனையோ லட்சம் பேர் பஸ் பிடிக்க அதைக் கடந்து ஓடுகிறார்கள். ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ஓர் ஊர் இடிக்கப்பட்டதற்குச் சாட்சியாக நிற்கிற கல் அது.

நீதிமன்ற வளாகத்துக்குள் நினைத்தவுடன் நுழைய முடியாது, சோதனை உண்டு. வெளியிலிருந்தே இரண்டு கலங்கரை விளக்கங்கள் தெரியும். ஒன்று தனியாக நிற்கிற பெரிய கல்தூண், 1844ல் ஏற்றியது. இன்னொன்று நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்து உச்சி. 1894ல் விளக்கை அங்கே மாற்றினார்கள். 1977ல் மெரினாவுக்குப் போகும்வரை கப்பல்காரர்களுக்கு வழி காட்டியது நீதிமன்றத்தின் தலையிலிருந்த விளக்குத்தான்.

இந்த வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று குண்டு பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு வந்து விழுந்த இடம்தான் இந்தச் சுவர். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கப்பல் போய்விட்டது. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். கப்பல் அதே நவம்பரில் அழிந்துவிட்டது. பெயர் மட்டும் எங்கள் பேச்சில் தங்கிவிட்டது. என் பாட்டி ஒருவரை 'அவன் சரியான எம்டனாச்சே' என்றால், அந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இரு என்று பொருள். அந்தச் சொல் பிறந்த இடத்தைப் பார்க்கவாவது சுவரோரம் போகலாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வடசென்னையைப் பார்க்க நான் சொல்கிற வழி, பெயர்களைப் பிடித்துக்கொண்டு போவது. கட்டடங்கள் பாதி இடிந்துவிட்டன, மீதியைக் கடைப் பலகைகள் மறைத்துவிட்டன. தெருப்பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

அரண்மனைக்காரத் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. ஆர்மீனியர் தெரு, தமிழ் வாயில் அரண்மனைக்காரத் தெரு ஆகிவிட்டது. பாரசீகப் பக்கமிருந்து பட்டும் மணியும் விற்க வந்த ஆர்மீனியர்கள் 1712ல் இங்கே ஒரு தேவாலயம் கட்டினார்கள். இப்போது நாம் பார்ப்பது 1772ல் எழுந்தது. நீங்கள் ஓர் இடம் மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வெளியே தள்ளுவண்டி, சரக்கு ஏற்றுகிறவர்களின் கூச்சல், காகித மூட்டை. வாசலைத் தாண்டினால் அத்தனையும் அடங்கிவிடும். முற்றம் முழுக்கத் தரையில் கல்லறைப் பலகைகள். கால் வைக்கத் தயங்கித் தயங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். குனிந்து பார்த்தால் கொக்கியும் வளைவுமாக நமக்குப் புரியாத எழுத்து. விரலை வைத்துத் தடவினால் இருநூறு வருட மழைக்கும் மழுங்காத உளிவெட்டு தட்டுப்படும். மணிக்கூண்டு தேவாலயத்தை ஒட்டாமல் தனியே நிற்கிறது. அதில் ஆறு பெரிய மணிகள்.

அந்தக் கல்லறைகளில் ஒன்று ஹாரூத்தியூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை நடத்தியவர். 'அஸ்தரார்' என்ற அந்தப் பத்திரிகை 1794ல் வெளிவந்தது நம் சென்னையிலிருந்துதான். ஆர்மீனியாவிலிருந்து வருகிறவர்கள் அந்தக் கல்லறைக்கு முன்னால் நின்று வணங்கிவிட்டுப் போகிறார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726ல் பாலம் கட்டிக் கொடுத்த கோஜா பெட்ரஸ் உஸ்கானும் இந்தச் சமூகத்து வணிகர்தான். இன்று சென்னையில் ஆர்மீனியக் குடும்பங்கள் இல்லை என்றே சொல்லலாம். மாலைவரை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

பக்கத்துத் தெரு தம்புச் செட்டித் தெரு. அங்கே காளிகாம்பாள். 1677ல் சத்ரபதி சிவாஜி இங்கே வந்து வணங்கினார் என்று கோயிலில் சொல்கிறார்கள். சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் பாரதி இந்தச் சந்நிதிக்கு வந்து நிற்பார் என்பார்கள். இந்த அம்மனும் கோட்டைப் பக்கமிருந்து இடம் பெயர்ந்து வந்தவள்தான்.

மண்ணடிக்குள் நடந்தால் பவளக்காரத் தெரு. மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொண்டுவந்து கொடுத்துக் கோல்கொண்டா வைரம் வாங்கிப்போன யூத வணிகர்கள் வாழ்ந்த தெரு. அதே தெருவில் 7ஆம் எண் வீட்டில் 1949 செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் தொடங்கியது. மறுநாள் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதல் பொதுக்கூட்டம். தமிழ்நாட்டு அரசியலின் போக்கை மாற்றிய அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. பூங்கா இப்போது அண்ணா பெயரில் இருக்கிறது.

ஏழுகிணறு என்று ஒரு பகுதி. 1772ல் கேப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக அமைத்த கிணறுகளால் வந்த பெயர். இந்த ஊரில் குழாய் வழியே தண்ணீர் போன கதை அங்கே தொடங்குகிறது. எனக்கு ஏழுகிணறு என்றால் வள்ளலார்தான். வீராசாமி தெருவில் அவர் சிறுவயதிலிருந்து வாழ்ந்த வீடு இருக்கிறது. படிக்கப் போகாத பிள்ளை என்று வீட்டில் கண்டிக்க, மாடியறையில் கண்ணாடிக்கு முன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு முருகன் தெரிந்தான் என்பது அந்த வீட்டின் வரலாறு. அங்கிருந்து நடந்தே ராசப்பச் செட்டித் தெருக் கந்தகோட்டத்துக்குப் போவார். கந்தகோட்டத்து முருகன் மேல் அவர் பாடிய தெய்வமணிமாலையை எங்கள் பள்ளியில் காலை வணக்கத்தில் பாட வைத்தார்கள். அந்த வீட்டிலிருந்து கோயில்வரை நடந்து பாருங்கள். தங்கசாலைப் பக்கமாகச் சுற்றி வந்தாலும் நல்லதுதான். சௌகார்பேட்டை மிட்டாய்க் கடைகளைத் தாண்டித்தான் வர வேண்டியிருக்கும்.

தங்கசாலை என்ற பெயர் நாணயம் அடித்த சாலையால் வந்தது. வால்டாக்ஸ் ரோட்டுக்கும் பெயர்க் கதை உண்டு, 'வால் டாக்ஸ்' என்றால் மதில் வரி. 1769ல் ஹைதர் அலி குதிரைப்படையோடு சென்னையின் வாசலுக்கே வந்து, உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பயத்தில் புதிய பட்டணத்தைச் சுற்றி மதில் எழும்பியது. கட்டிய செலவை ஊராரிடமே வரியாக வாங்க முனைந்தார்கள். மதில் போயிற்று, வரியும் போயிற்று. பெயர்ப்பலகையில் வ.உ.சி. சாலை என்று இருந்தாலும் ஆட்டோக்காரருக்கு அது வால்டாக்ஸ்தான். அந்த மதிலில் மிஞ்சிய ஒரு துண்டைப் பழைய ஜெயில் ரோட்டில் பார்க்கலாம். மேலே பூங்கா அமைத்ததால் மாடிப்பூங்கா என்று பெயர். கவனிப்பு போதாது. இருநூற்றைம்பது வருடச் சுவரை இப்படி விட்டுவைத்திருப்பது எனக்குத் தாங்கவில்லை.

அங்கிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான். கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்னால்தான் வயதானவர்களுக்குப் புரியும். 1782ல் ஹைதர் படையெடுப்புக் காலத்துப் பஞ்சத்தில் பட்டினியாய் வந்தவர்களுக்குத் தொட்டி தொட்டியாகக் கஞ்சி காய்ச்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் இங்கே இருந்தது. கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகளுக்கு மருந்தும் கொடுக்கத் தொடங்கி, அது ஆஸ்பத்திரியாகி, 1938ல் மருத்துவக் கல்லூரியும் ஆனது. பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் இன்றும் காசில்லாதவனுக்கு வைத்தியம் பார்க்கிறது. என் தகப்பனாரை இரண்டு முறை பிழைக்க வைத்து அனுப்பிய இடம். நின்று வேடிக்கை பார்க்கிற இடம் கிடையாது, கடந்து போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொண்டு போங்கள்.

அப்புறம் ராயபுரம். கிறிஸ்துவின் சீடரான பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ராயப்பர் என்று பெயர். கடலில் படகு வலித்த சமூகத்தார் தங்கள் உழைப்புக் காசில் ராயப்பருக்குக் கோயில் கட்டினார்கள், ஊருக்கும் அவர் பெயரே வந்தது. பக்கத்திலேயே 1910ல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில். தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருப்பது அந்த ஒன்றுதான். மற்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. தெருவில் நின்று வாசலைப் பார்த்துவிட்டு அமைதியாக நகர்ந்துவிடுங்கள்.

ராயபுரம் ரயில் நிலையம் 1856ல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. பம்பாயிலும் தாணாவிலும் அதற்கு மூன்று வருடம் முன்னதாகவே ரயில் ஓடிவிட்டது. அங்கே அந்தப் பழைய கட்டடங்கள் இப்போது இல்லை. எனவே இந்தியாவில் நின்றுகொண்டிருக்கிற மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான். சிவப்பும் வெள்ளையுமாக, உயரமான தூண்களோடு ஒரு மாளிகை மாதிரி இருக்கும். கடற்கரை நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் அடுத்த நிறுத்தம். பத்து நிமிடம் பிளாட்பாரத்தில் உட்காருங்கள். எக்மோரும் சென்ட்ரலும் வருவதற்கு முன்னால், சென்னையின் வாசல் இது.

பெரம்பூர் பக்கம் பார்ப்பதற்குக் கட்டடம் குறைவு. ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பின்னி மில் தொழிலாளிகளை வைத்து 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லோரும் அதில் உழைத்தவர்கள். மில் 1996ல் மூடியது. மூலக்கொத்தளம் மயானத்தில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று 1939ல் மாண்ட நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் இருக்கிறது. தமிழுக்காக முதலில் உயிர் கொடுத்தவர்கள். தமிழ் படித்த எவரும் ஒரு தடவை போய் நிற்க வேண்டிய இடம்.

இரண்டாம் நாளைத் திருவொற்றியூருக்கு ஒதுக்குங்கள். கோட்டை கட்டியதிலிருந்து கணக்குப் போட்டால் சென்னைக்கு வயது நானூறுகூட ஆகவில்லை. திருவொற்றியூரோ அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஊர். 2011ல்தான் மாநகராட்சியோடு சேர்த்தார்கள்.

தியாகராஜர் கோயில் கருவறை விமானம் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பியது. பின்பக்கம் போய்ப் பாருங்கள். படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பது அதுதான். கல்வெட்டு ஒன்று ரவி என்கிற தச்சன் அதைக் கட்டினான் என்று பெயரோடு சொல்கிறது. ராஜாவின் பெயரோடு உளி பிடித்தவன் பெயரும் ஆயிரம் வருடம் நிற்பது எனக்கு எப்போதும் மெய்சிலிர்க்கிற விஷயம். பாணினியின் இலக்கணம் சொல்லிக் கொடுக்க இங்கே ஒரு மண்டபமே இருந்தது.

மகிழ மரத்தடியையும் பார்க்க வேண்டும். 'உன்னைப் பிரியேன்' என்று சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்த இடம். சந்நிதியில் சத்தியம் கேட்டால் நீ மரத்தடிக்குப் போய்விடு என்று சிவனிடம் சொல்லிவைத்திருந்தார். சங்கிலியாரோ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிவிட்டார். பிறகு திருவாரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், கண் போயிற்று. இதை அம்மாவுக்குச் சொல்லத் தேவையிருக்காது, அவரே உங்களுக்குச் சொல்வார். வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு, கடலோரம் பட்டினத்தார் சமாதிக்கு ஆட்டோவில் போய் வந்துவிடலாம்.

ஆதிபுரீஸ்வரர் திருமேனி வருடம் முழுக்கக் கவசத்தால் மூடியே இருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தை எடுத்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாளும் வரிசை தெருவரை நீளும். தைல வாசனை பிராகாரத்தைத் தாண்டி வெளியே வரும். சின்ன வயதில் பாட்டி தோளில் உட்கார்ந்து பார்த்தது, ஒரு நொடிதான், இன்னும் கண்ணில் இருக்கிறது. உங்கள் பயணத் தேதியைக் கார்த்திகைக்குத் தள்ளிப்போட முடியுமா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

போகிற வழிக்கு மெட்ரோவே சுலபம். உயர் நீதிமன்ற நிலையத்தில் ஏறினால் மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை வழியாக நேரே திருவொற்றியூர் தேரடி. எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, அப்பாவின் முழங்காலுக்கு நல்லது. தேரடிக்கு முந்தின நிறுத்தம் காலடிப்பேட்டை. யார் காலடி என்று அப்பா கேட்பார். ஜோசப் காலெட் என்ற கவர்னர் 1720க்குச் சற்று முன்பு நெசவாளர்களைக் குடியேற்றிய காலெட்பேட்டை அது.

முதல் நாள் காலை ஏழு மணிக்கே பூக்கடையில் தொடங்குங்கள். பட்டணம் கோயில், காளிகாம்பாள், ஆர்மீனியர் கோயில், கந்தகோட்டம் என்று நடந்து முடிக்கலாம். நடை சாத்துவதற்குள் கோயில்களை முடித்துவிட வேண்டும். மதியம் சாப்பிட்டு ஓய்வு. வெயில் தாழ்ந்ததும் ராயபுரம். சாயங்காலம் கடற்கரை நிலையத்துக்கு எதிர்ப்பக்கத் தெருக்களில் அத்தோ வண்டிகள் நிற்கும். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. புளித்தண்ணீர், வறுத்த பூண்டு, வெங்காயம், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அம்மா சைவம் என்றால் முட்டை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.